மந்தநிலையும் இடதுசாரி வாதமும்: ஒரு துணி வியாபாரியின் மதிப்பீடு

2004ஆம் ஆண்டு ஜனவரி 18, ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. தாதரில் வண்டி மாறி கோரேகாவ் போய் இறங்கினேன். நெஸ்கோ மைதானத்தின் பழைய தொழிற்சாலைக் கொட்டகைகளில் 16ஆம் தேதி முதல் 21 வரை உலக சமூக மன்றம் நடந்துகொண்டிருந்தது. 2001இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொடங்கிய அந்தக் கூட்டம் முதன்முறையாக பிரேசிலை விட்டு வெளியே வந்தது நம் மும்பைக்குத்தான். ஒரே புழுதி. கொரியாக்காரர்கள் மத்தளம் அடிக்கிறார்கள், அடுத்த வரிசையில் பறை. நர்மதை அணைக்காரர்கள், பிளாச்சிமடையின் கோலா எதிர்ப்பாளர்கள், ஈராக் போரை எதிர்க்கும் வெள்ளைக்கார இளைஞர்கள் என்று ஆளுக்கொரு பதாகை. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ‘இவர்கள் போதாது, தொண்டு நிறுவனப் பணத்தில் புரட்சி வராது’ என்று சொன்ன இன்னொரு கூட்டம், ‘மும்பை எதிர்ப்பு 2004’ என்ற பெயரில். இரண்டிலும் நடந்தேன். இரண்டு பை புத்தகம் வாங்கினேன். பொழுது சாயுமுன் உண்ணும் வழக்கம் உள்ளவன் என்பதால் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன்.

சென்ற மலர்களில் மேல்சித்தாமூர் பற்றியும் நீலகேசி பற்றியும் எழுதியவனுக்குப் பொருளாதாரம் எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நான் பட்டம் பெற்றவன் அல்ல. சமணர் என்றதும் இங்கே எல்லோரும் சேட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் வந்தவாசிப் பக்கம் நெல்லும் மணிலாவும் பயிரிட்ட குடும்பம். 1980இல் துணிக்கடையில் கணக்கு எழுத வந்து, பிறகு சொந்தமாக ரவிக்கைத் துணி, உள்பாவாடைத் துணி, லைனிங் மொத்த வியாபாரம். படித்ததெல்லாம் கோட்டைப் பகுதி நடைபாதைக் கடைகளிலும், தபாலில் வரவழைத்த நியூ செஞ்சுரி வெளியீடுகளிலும்தான். ஆனால் வாத நூல் படித்துப் பழகியவனுக்கு ஒரு நன்மை உண்டு. எதிராளியின் கட்சியை முதலில் அவர் ஒப்புக்கொள்ளும்படி சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். அந்த முறையில் இடதுசாரிகள் பொருளாதார மந்தத்தைப் பற்றிச் சொன்னதையும், உலகமயமாக்கலை எதிர்த்துத் தெருவில் நின்றதையும் எடை போட்டுப் பார்க்கிறேன்.

அன்றைக்கு மைதானத்தில் கேட்டது ஒரே குரல் போல இருந்தது. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் பிரித்தபோதுதான் அதில் இரண்டு வாதங்கள் ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒன்று: உழைப்பவன் கையில் காசில்லை, அதனால் சரக்கு விற்கவில்லை, அதனால் தொழில் மந்தம். மற்றொன்று: வெளியிலிருந்து வந்த நிறுவனங்களும் ஒப்பந்தங்களும்தான் நம் கேட்டுக்குக் காரணம், கதவைச் சாத்து. முதலாவது கல்லாவைப் பற்றியது, இரண்டாவது வாசலைப் பற்றியது. இரண்டும் ஒன்றல்ல.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். 2001இல் அமெரிக்காவில் மந்தம். நம் நாட்டு வளர்ச்சியும் 2000-01இலும், வறட்சி ஆண்டான 2002-03இலும் 4 விழுக்காடு அளவுக்கு இறங்கிக் கிடந்தது. அதே 2002 ஜூலையில் அரசுக் கிடங்குகளில் இருந்த தானியம் சுமார் 6.3 கோடி டன். இருப்பு வைக்க வேண்டிய அளவோ 2.43 கோடி டன். கிடங்கில் இடமில்லை, கிராமத்தில் சோறில்லை. அரசு அந்தத் தானியத்தை மலிவு விலையில் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தது. பிரபாத் பட்நாயக், ஜெயதி கோஷ், சி.பி. சந்திரசேகர் போன்ற இடதுசாரிப் பொருளியலாளர்கள் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுதினார்கள்: அதைக் கூலியாகக் கொடுத்து வேலை நடத்துங்கள், பற்றாக்குறை வந்தால் வரட்டும், நிதி மூலதனம் முகம் சுளிக்குமே என்று அஞ்சாதீர்கள். உத்சா பட்நாயக் 2004இல் ஆற்றிய ‘பசியின் குடியரசு’ உரை, தலைக்குக் கிடைக்கும் தானியம் இரண்டாம் உலகப் போர்க்கால அளவுக்குத் தாழ்ந்துவிட்டது என்று வாதிட்டது. 2009இல் ஆங்கஸ் டீட்டனும் ஜான் திரேஸும் இதே கேள்வியை ஆராய்ந்து, கலோரி குறைந்ததற்கு வறுமை மட்டும் காரணமாக இருக்க முடியாது, உடலுழைப்பு குறைந்ததும் ஒரு காரணமாகலாம் என்றார்கள். திரேஸ் ஏழைகளுக்கு எதிரி அல்லர், ஆகையால் அந்தத் திருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் கிடங்கு நிறைந்து கிடந்தது என்ற அடிப்படை உண்மைக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

என் பேரேடும் அதையே சொல்லிற்று. ரவிக்கைத் துணி வியாபாரம் ஒரு நாடிக்குழல் மாதிரி. பட்டுச்சேலைக்காரனுக்கு மந்தம் கடைசியில்தான் தெரியும். வீட்டில் வருமானம் குறைந்தால் முதலில் நிற்பது உள்பாவாடை, லைனிங், துண்டு. ‘இந்த வருஷம் பழசே போதும்’ என்று பெண்கள் முடிவு பண்ணுவது எந்தப் புள்ளிவிவரத்துக்கும் முன்னாடி என் கடைக்கு வந்துவிடும். 2002இல் மராட்டவாடாப் பக்கத்துச் சில்லறைக் கடைக்காரர்கள் 45 நாளில் அடைத்துவந்த பாக்கியை 90 நாளுக்கு இழுத்தார்கள். ஏமாற்றுக்காரர்கள் இல்லை அவர்கள். விற்றால்தானே கொடுப்பார்கள்? 2008 செப்டம்பரில் நியூயார்க்கில் லேமன் வங்கி விழுந்தபோது அடுத்த தீபாவளி அவ்வளவுதான் என்று சரக்குப் பிடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். கணக்கு பொய்த்தது. 2009இல் சின்ன ஊர்க் கடைக்காரர்கள் ரொக்கத்தோடு வந்தார்கள். கடன் தள்ளுபடி, ஆறாவது ஊதியக் குழு நிலுவை, 2006இல் தொடங்கிய ஊரக வேலை உறுதித் திட்டம் எல்லாம் சேர்ந்து கையில் காசு புழங்கியது. அந்த வேலைச் சட்டம் 2005இல் வந்ததில் அப்போது ஆட்சிக்கு வெளியிலிருந்து ஆதரவு கொடுத்த இடதுசாரிகளுக்குப் பங்கு உண்டு. மராட்டியத்துக்கு அது புதிதல்ல, எழுபதுகளிலேயே இங்கே வேலை உறுதித் திட்டம் இருந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும்.

இந்த வாதத்தின் வம்சாவளி கொஞ்சம் சிக்கலானது. மார்க்ஸ் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் ‘மூலதனம்’ இரண்டாம் பாகத்தில், வாங்க ஆளில்லாததால் நெருக்கடி வருகிறது என்று சொல்வது சொன்னதையே திருப்பிச் சொல்வது, நெருக்கடிக்கு முன்பு பார்த்தால் கூலி ஏறித்தான் இருக்கும் என்று மார்க்ஸே இந்த வாதத்தைக் கிண்டல் பண்ணுகிறார். மூன்றாம் பாகத்துக்கு வந்தால், எல்லா நெருக்கடிக்கும் கடைசிக் காரணம் மக்களின் வறுமையும் சுருங்கிய நுகர்வும்தான் என்கிறார். இரண்டையும் பொருத்திக்காட்ட நூறாண்டுக்கு மேலாகச் சண்டை நடக்கிறது. 1913இல் ரோசா லக்சம்பர்க், முதலாளித்துவம் தன் சரக்கை விற்க எப்போதும் வெளிச்சந்தை தேடியே ஆக வேண்டும் என்றார். நம்மூர் இடதுசாரிகள் பெரும்பாலும் அவர் வழியும், போலந்துக்காரரான கலெக்கி வழியும்தான். கலெக்கி பற்றிப் பின்னால் சொல்கிறேன். அவர் என்னைப் பற்றியே எழுதியிருக்கிறார்.

இனி வாசலைப் பற்றிய வாதம். இங்கேதான் எனக்குச் சங்கடம்.

நான் கோரேகாவ் போன ஜனவரி 18 என்ற தேதிக்கு இந்த ஊரில் வேறொரு நினைவு உண்டு. 1982இல் அதே தேதியில்தான் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். எனக்கு அப்போது இருபத்தொன்று. கிராங்காவ் தெருக்களில் பாத்திரம் பண்டம் விற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலைநிறுத்தம் முறையாக முடிந்தது என்று யாரும் அறிவித்ததில்லை. ஆலைகள் மூடின. பிறகு பீனிக்ஸ் ஆலை வணிக வளாகம் ஆயிற்று, மற்ற நிலங்களில் கோபுரம் எழும்பிற்று. மைதானத்தில் பேசியவர்களில் சிலர் இதையும் உலகமயமாக்கலின் கணக்கில் எழுதிவிட்டார்கள். 1982இல் உலக வர்த்தக அமைப்பு ஏது? அது 1995இல் வந்தது. ஆலை நின்ற மாதங்களிலும் எங்கள் கடைக்குத் துணி வந்துகொண்டுதான் இருந்தது. ஆலைப் பெயர் முத்திரை குத்திய தாகாக்கள் பிவண்டி விசைத்தறியில் நெய்து வந்தன. நானே பிரித்து அடுக்கியிருக்கிறேன். ஆலையில் எட்டு மணி நேரம், சங்கம், வைப்பு நிதி. பிவண்டியில் பன்னிரண்டு மணி நேரம், ஒன்றும் கிடையாது. வேலையைக் கொண்டுபோனது சீனாவோ ஜெனீவாவோ அல்ல, ஐம்பது கிலோமீட்டர் கூட இல்லாத பிவண்டி. கொண்டுபோனவர்கள் நம்மவர்கள். விற்றவர்களில் எங்கள் கடையும் ஒன்று.

சியாட்டில் சங்கதியும் அப்படியே. 1999 நவம்பர் 30 முதல் அங்கே உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் கூட்டம். பல்லாயிரம் பேர் தெருவை அடைத்தார்கள், கூட்டம் முறிந்தது. உலகமெங்கும் இடதுசாரிகளுக்கு அது திருவிழா. ஆனால் உள்ளே நடந்ததைப் பாருங்கள். அமெரிக்கத் தொழிற்சங்கங்கள் தெருவில் நின்று கேட்டவற்றுள் முக்கியமானது, தொழிலாளர் தர விதிகளை வர்த்தகத்தோடு கட்ட வேண்டும் என்பது. அதிபர் கிளின்டனும், மீறினால் தடை என்கிற வரைக்கும் பேட்டி கொடுத்தார். அதை எதிர்த்து நின்ற ஏழை நாடுகளின் முன்வரிசையில் இந்தியாவின் வர்த்தக அமைச்சர் முரசொலி மாறன் இருந்தார். அந்த விதி வந்தால் நம் சரக்கைத் தடுக்க அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைக்கும் என்பது அவர் கட்சி. நம் நாட்டு இடதுசாரித் தொழிற்சங்கங்களின் கட்சியும் அதுவே! 2001 நவம்பரில் தோஹாவில் மாறன் கடைசி வரை பிடிவாதமாக நின்று, முதலீடு முதலிய புதிய விஷயங்களில் எல்லோரும் வெளிப்படையாக ஒப்பினால்தான் பேச்சு என்று எழுதி வாங்கியது வேறு கதை, பெருமைப்பட வேண்டிய கதை. நான் சொல்ல வருவது, சியாட்டில் தெருவில் நின்றவருக்கும் இங்கே அவரைப் பாராட்டியவருக்கும் வேண்டியது நேரெதிரான இரண்டு என்பதை. ஒருவருக்குத் தன் வேலை இந்தியாவுக்குப் போகக்கூடாது. மற்றவருக்கு அது வர வேண்டும். ஒரே பதாகையின் கீழே இரண்டு பேரும்.

மார்க்ஸ் இதைக் குழப்பிக்கொள்ளவில்லை. 1848 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸில் தடையற்ற வணிகம் பற்றி அவர் ஆற்றிய உரையைப் படித்தால் நம் தோழர்கள் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். தடையற்ற வணிகம் மூலதனத்துக்குத்தான் சுதந்திரம் என்று போட்டு உடைத்துவிட்டு, கடைசியில் அதற்கே ஆதரவு என்கிறார், பழையதை இடித்துப் புரட்சியை விரைவுபடுத்தும் என்று. அந்தக் கடைசிப் பகுதி எனக்கு உடன்பாடில்லை. இடிபாட்டில் யார் நசுங்குவது என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் சுங்கவரியை ஏழையின் நண்பன் என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை.

கோரேகாவில் வாங்கிய புத்தகங்களில் அதிகம் பேசப்பட்டது ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் 2002இல் எழுதியது. உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளராக இருந்தவர், நோபல் பெற்றவர், மும்பைக் கூட்டத்துக்கும் வந்தார். உலகமயமாக்கலும் அதன் அதிருப்திகளும் என்ற தலைப்பைப் பார்த்தே பலர் அவரைத் தங்கள் ஆள் என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே அவர் அடிப்பது பன்னாட்டு நிதியத்தை. 1997இல் கிழக்காசியா விழுந்தபோது செலவைக் குறை, வட்டியை ஏற்று என்று சொல்லி மந்தத்தை ஆழமாக்கினார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. கதவைச் சாத்தச் சொல்லவில்லை. அருந்ததி ராய் தொடக்க உரையில், ஈராக் அழிவில் ஆதாயம் பார்க்கும் இரண்டு பெரிய நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்து உலகமெங்கும் அவற்றின் அலுவலகங்களை முடக்குவோம் என்றார். கேட்டவர்கள் கைதட்டியதில் வியப்பில்லை. ஆனால் இரண்டு பெயரைக் குறித்துக்கொண்டால் நம் தெருவிலிருக்கும் பட்டறை தப்பித்துவிடுகிறதே என்பது என் ஆட்சேபம்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 2011 நவம்பர் இறுதியில், பலசரக்கு முதல் துணி வரை விற்கும் சில்லறைக் கடைகளில் 51 விழுக்காடு அந்நிய முதலீட்டுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டிசம்பர் 1ஆம் தேதி நாடு முழுதும் வியாபாரிகள் கடையடைப்பு. அதற்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு கூட்டம். பேச வந்தவர் ஒரு தொழிற்சங்கக்காரர், வயசானவர், கதர்ச் சட்டை. பெயர் வேண்டாம். அந்நியக் கடை வந்தால் என்ன ஆகும் என்று அரை மணி நேரம் பேசினார். என்ன கைதட்டல்! வாழ்நாளில் செங்கொடியைக் கண்டால் கதவைச் சாத்துகிறவர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். நானும்தான். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தி, ‘உங்கள் கடைப் பையன்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் மருத்துவக் காப்பீடும் கொடுங்கள், அவர்கள்தானே உங்கள் வாடிக்கையாளர்கள்’ என்றார். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. பின்வரிசையில் ஒருவர் டீ வந்துவிட்டது என்று எழுந்தார். ஒரு வாரத்தில் அரசு முடிவை நிறுத்தி வைத்தது, நாங்கள் இனிப்பு வழங்கினோம். அந்தப் பெரியவரை மறுபடி யாரும் கூப்பிடவில்லை.

கலெக்கி 1943இல் எழுதிய சிறு கட்டுரை ஒன்றை இதற்குப் பிறகுதான் படித்தேன். அரசு செலவு செய்து எல்லோருக்கும் வேலை கொடுத்தால் முதலாளிகளுக்கும் லாபம் கூடுமே, பின் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்கிறார். வேலை போய்விடும் என்ற பயம் இல்லாவிட்டால் ஆள் கட்டுப்படமாட்டான், லாபத்தை விட அந்தக் கட்டுப்பாடு அவர்களுக்கு அருமை என்பது அவர் விடை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கடையைப் பார்த்தேன். என் சரக்கை வாங்குவது அடுத்தவன் கடையில் வேலை செய்கிறவன் மனைவி. அவனுக்குக் கூலி ஏற வேண்டும், என் ஆளுக்கு ஏறக்கூடாது. மார்க்கெட்டில் நாங்கள் அத்தனை பேரும் இப்படியே கணக்குப் போடுகிறோம். மூட்டை தூக்கும் மாத்தாடிகளுக்கு 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி வாரியத்தில் தொகை கட்ட வேண்டும். அந்தச் சீட்டில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் முணுமுணுத்திருக்கிறேன். அவர்கள் வீட்டில்தான் தீபாவளிக்குத் துணி எடுத்தார்கள் என்பதை யோசித்ததில்லை.

இடதுசாரிகளிடம் எனக்குள்ள குறை இதுதான். கல்லாவைப் பற்றிய கடினமான வாதத்தை வாசலைப் பற்றிய சுலபமான வாதத்தோடு கட்டி விற்றார்கள். என்னைப் போன்றவன் சுலபமானதை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டான். அவர்கள் ஆட்சியிலும் இந்தக் கட்டு அவிழ்ந்துதான் கிடந்தது. மதிப்புக் கூட்டு வரியை மாநிலங்களுக்குப் பொதுவாக வடிவமைத்த நிதியமைச்சர்கள் குழுவுக்குத் தலைவர் மேற்கு வங்கத்தின் அசீம் தாஸ்குப்தா, மார்க்சிஸ்ட். 2005இல் அந்த வரியை எதிர்த்து வியாபாரிகள் கடையடைத்தபோது, திட்டியது ஒரு தோழரைத்தான் என்பது எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. நல்ல வேலை அது, இன்று ஒப்புக்கொள்கிறேன். சிங்கூரும் நந்திகிராமும் எல்லோரும் அறிந்தவை, விரிக்கவில்லை.

பிரித்து எடுத்த பாதி யார் கைக்குப் போயிற்று? 2019இல் நாட்டில் மீண்டும் மந்தம். ஐந்து ரூபாய் பிஸ்கட் கூட விற்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. என் லைனிங் துணியும் தேங்கிற்று. இடதுசாரிகள் பழைய பல்லவியையே பாடினார்கள், கிராமத்தில் கூலி கொடுங்கள் என்று. அரசு செப்டம்பரில் கம்பெனி வரியை 30லிருந்து 22 விழுக்காடாகக் குறைத்தது. அதனால் ரூ.1.45 லட்சம் கோடி வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அதில் ஒரு முழம் ரவிக்கைத் துணி விற்றதாக எனக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு நவம்பர் 4இல் ஆசிய வட்டார வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து இந்தியா விலகியபோது, இடதுசாரி விவசாய சங்கங்களும் சுதேசி ஜாக்ரண் மஞ்ச்சும் ஒரே நாளில் வெற்றி கொண்டாடின. கடல் கடந்து பார்த்தால், சியாட்டில் தெருவில் கேட்ட ‘எங்கள் வேலையைத் திருப்பிக் கொடு’ என்ற குரலை டிரம்ப் எடுத்துக்கொண்டார். 2018இல் உருக்குக்கு 25 விழுக்காடு வரி. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு, அமெரிக்கா ஆள் நியமிக்க விடாததால் 2019 டிசம்பரில் செயலற்றுப் போயிற்று. மைதானத்துப் பதாகைகள் கேட்டதில் பாதியை வலதுசாரிகளே செய்து முடித்தார்கள். 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்கு மீதான வரி 50 விழுக்காடு ஆனது.

அந்தச் செப்டம்பரில் திருப்பூரிலிருந்து என் மனைவியின் உறவுக்காரப் பையன் போன் பண்ணினான். பனியன் கம்பெனியில் தையல். “மாமா, இங்க ஓவர்டைம் நின்னுபோச்சு. வாரத்துல நாலு நாள்தான் வேலை. உங்க கடையில எடம் இருக்குமா?” என்றான். இருக்கிறது என்றேன். என்ன கொடுப்பீர்கள் என்று கேட்க அவனுக்குக் கூச்சம். நானே ஒரு தொகையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. “தாராவியில தங்கற செலவு போக வீட்டுக்கு அனுப்ப முடியாதே மாமா, யோசிச்சுச் சொல்றேன்” என்றான். மறுவாரம் கூப்பிட்டு இரண்டாயிரம் கூட்டிச் சொன்னேன். அதற்குள் அவன் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கடையில் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த இரண்டாயிரத்தை நான் வாய்விட்டுச் சொன்னதை அவர்களும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.